மணிபிளான்ட் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் மொட்டைமாடித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதால், மணிபிளான்ட் கொடி கேட்டு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். வெட்டிக் கொடுத்த கொஞ்ச நாளில் சந்தேகங்களும் வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் என்பதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னையின் வெயிலையும் தண்ணீரையும் மனதில் வைத்து எழுதியது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள்.

இது எந்த ஊர் செடி? நம்ம ஊர் செடிதானே?

இல்லை. தாகித்திக்குப் பக்கத்தில் உள்ள மொரேயா என்ற சிறு தீவு இதன் தாயகம். பிரெஞ்சு பொலினீசியாவைச் சேர்ந்த தீவு அது. எபிப்ரெம்னம் ஆரியம் என்பது தாவரவியல் பெயர். நம் சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு எல்லாம் சேர்ந்த அதே சேம்புக் குடும்பம்.

இயற்கையில் இது ஈரமான காட்டில், பெரிய மரங்களின் நிழலில் தரையில் படர்ந்து, ஒரு மரம் அகப்பட்டதும் வேரால் பற்றி மேலே ஏறும் கொடி. இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

வெயில் வேணுமா, நிழல் போதுமா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

நல்ல வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி வைத்தால் சரியாக இருக்கும். காலை எட்டு மணி வரை வரும் இளவெயில் பட்டால் பரவாயில்லை. மதிய வெயில் பட்டால் இலையில் வெளுத்த திட்டு விழும், பிறகு அது பழுப்பாகிக் காய்ந்துவிடும். மேற்குப் பார்த்த பால்கனி என்றால் ஏப்ரல், மே மாதங்களில் தொட்டியை உள்ளே எடுத்துவிடுங்கள்.

ட்யூப்லைட் வெளிச்சத்திலும் உயிரோடு இருக்கும். ஆனால் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை சிறுத்து, கொடி மெலிந்து போகும். செடி வெளிச்சத்தைத் தேடி நீள்கிறது என்று அர்த்தம்.

தினமும் தண்ணி ஊத்தணுமா, வாரம் ஒரு தடவை போதுமா?

கிழமை பார்த்து ஊற்றாதீர்கள், விரலை வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் நுழையுங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் தொட்டியின் அடித்துளையில் தண்ணீர் வெளியேறும் வரை ஊற்றுங்கள். ஈரம் தெரிந்தால் இன்றைக்கு வேண்டாம். கத்திரி வெயிலில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தேவைப்படும் அதே தொட்டிக்கு, ஐப்பசி அடைமழையில் பத்து நாள் வரைகூடத் தண்ணீர் தேவைப்படாது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் மோசமான பழக்கம். மேல்மண் எப்போதும் சொதசொதவென்று இருக்கும், அடிவேருக்குத் தண்ணீர் போகாது. ஊற்றினால் நிறைய ஊற்றுங்கள், அப்புறம் காய விடுங்கள். தண்ணீர் குறைந்தால் இலை துவண்டு தொங்கிக் காட்டிக்கொடுக்கும். அப்போது ஊற்றினாலும் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். வேர் அழுகிவிட்டால் அப்படித் திரும்புவது கஷ்டம். அதனால் சந்தேகமாக இருக்கும் நாளில் ஊற்றாமல் விடுவதுதான் நல்லது.

என்ன மண்ணு போடணும்? நர்சரியில வெறும் செம்மண்தான் குடுத்தாங்க.

வெறும் செம்மண் தொட்டிக்குள் இறுகிப் போகும். செம்மண், மண்புழு உரம், தென்னை நார்த்தூள் மூன்றும் சம அளவில் கலந்து, ஒரு கை ஆற்று மணலோ, பெர்லைட் என்று நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைத் துகளோ சேருங்கள். கட்டியாக விற்கும் நார்த்தூளில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகே கலக்க வேண்டும். தொட்டியின் அடியில் துளை கட்டாயம் வேண்டும். அழகான பீங்கான் தொட்டியில் துளை இல்லையென்றால், பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து அதை பீங்கானுக்குள் இறக்கிவிடுங்கள்.

ஒரே ஒரு இலை குடுங்க போதும், தண்ணில போட்டு வளத்துக்கிறேன்.

இதை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். வெறும் இலையில் கொடி வராது. காம்பின் நுனியில் வேர் மாதிரி ஏதாவது வந்தாலும், மேலே புதுத் துளிர் விடுவதற்கு அங்கே மொட்டு இல்லை. மொட்டு இருப்பது கணுவில்தான். தண்டில் இலைக்காம்பு சேரும் இடத்தைப் பாருங்கள். வளையம் போல ஒரு கோடும், அதன் எதிர்ப்பக்கத்தில் பழுப்பாக ஒரு சின்னப் புடைப்பும் தெரியும். அந்தப் புடைப்புதான் வேராகப் போகிறது.

கணுவுக்கு ஒரு அங்குலம் கீழே, சுத்தமான கத்திரியால் வெட்டுங்கள். ஒரு துண்டில் இரண்டு கணுவாவது இருக்கட்டும். கீழ்க்கணுவின் இலையைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணு தண்ணீருக்குள் முழுகும்படி வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர் எட்டிப்பார்க்கும். வேர் இரண்டு அங்குலம் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றலாம். தண்ணீரில் பழகிய வேர் என்பதால் முதல் இரண்டு வாரம் மண்ணைக் காயவிடாதீர்கள். அதன் பிறகு விரல் சோதனைக்கு வந்துவிடலாம்.

பாட்டில்லயே வச்சுக்கலாமா? மண்ணுல வைக்கிற அளவுக்கு எங்க வீட்ல இடம் இல்ல.

தாராளமாக. வருடக்கணக்கில் பாட்டிலிலேயே இருக்கும். ஆனால் வெறும் தண்ணீரில் சத்து இல்லை. ஆறு மாதமாக ஒரு இலைகூட வரவில்லை என்று சொல்பவர்களின் பாட்டிலில் பெரும்பாலும் இதுதான் குறை. 19:19:19 என்று கடையில் கிடைக்கும் நீரில் கரையும் உரத்தை, லிட்டருக்குக் கால் கிராம் அளவில், மாதத்தில் ஒரு தடவை மட்டும், தண்ணீர் மாற்றும்போது கலந்துவிடுங்கள். அதற்கு மேல் போட்டால் பாசிதான் வளரும்.

கண்ணாடி பாட்டிலில் வெளிச்சம் பட்டாலே பாசி பிடிக்கும். பழுப்பு நிற பாட்டிலோ, மண்ஜாடியோ, வெளியே துணி சுற்றிய பாட்டிலோ நல்லது.

பாட்டில் மணிபிளான்ட்ல டெங்கு கொசு வருதுன்னு மாநகராட்சில இருந்து வந்து கொட்டச் சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள் தேங்கியிருக்கும் தெளிந்த தண்ணீரே அதற்குப் பிடித்த இடம். நம் ஊர்ச் சூட்டில் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆய்வுக்கு வருபவர்களிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் சரியான இடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

வாரம் இரண்டு முறை தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீரை மட்டும் மாற்றினால் போதாது. ஏடிஸ் முட்டையிடுவது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாட்டிலின் உட்சுவரில். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கி, மறுபடி ஈரம் பட்டால் பொரிந்துவிடும். அதனால் பாட்டில் பிரஷ்ஷால் உட்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். கொடியைச் சுற்றி பாட்டில் வாயைப் பஞ்சாலோ வலைத்துணியாலோ அடைத்துவிடுங்கள். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும் தண்ணீர் நிற்கக்கூடாது.

சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்களைக் கேட்டால் இன்னும் கறாராகச் சொல்வார்கள். பூச்சாடித் தண்ணீரை மாற்றுவதும், தொட்டித் தட்டைக் கவிழ்த்துக் கொட்டுவதும், இறுகிய தொட்டி மண்ணைக் கிளறிவிடுவதும் அங்கே அரசின் டெங்கு பிரசாரத்திலேயே உண்டு. வீட்டில் கொசுப்புழு கண்டால் அபராதமும் உண்டு. வாரம் இருமுறை மாற்ற முடியாதவர்கள் மண்ணிலேயே வைப்பது நல்லது.

எங்க போர் தண்ணி உப்பு. ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளிய போற தண்ணிய ஊத்தலாமா?

ஆர்.ஓ. கழிவு நீர் வேண்டவே வேண்டாம். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான், போர் தண்ணீரைவிட மோசம். தொடர்ந்து ஊற்றினால் இலை நுனியும் ஓரமும் பழுப்பாகக் கருகும், மண்ணின் மேல் வெள்ளையாகப் படலம் படியும். அந்தத் தண்ணீரை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. அதற்கு அடுத்து ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இருக்காது. ஆனால் அந்த வாளியும் கொசுவுக்கு இடம்தான், இரண்டு நாளுக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். போர் தண்ணீர் மட்டும்தான் கதி என்றால், மாதம் ஒருமுறை கேன் தண்ணீரோ மழைநீரோ நிறைய ஊற்றி, அடியில் வடியவிட்டு, மண்ணில் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள்.

இலை மஞ்சளாகுது. என்ன மருந்து அடிக்கணும்?

மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியில் உள்ள ஒரே ஒரு பழைய இலை என்றால் வயதாகி உதிர்கிறது, விட்டுவிடலாம். பல இலைகள் ஒரே நேரத்தில் மஞ்சளாகி, தண்டின் அடிப்பாகம் மெத்தென்று இருந்தால் வேரில்தான் கோளாறு.

சந்தேகம் தீர ஒரே வழி, செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்துப் பார்ப்பதுதான். பயப்படாதீர்கள், இந்தச் செடி அதைத் தாங்கும். நல்ல வேர் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும், அழுத்தினால் விறைப்பாக நிற்கும். அழுகிய வேர் பழுப்பாக இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும், வாடையும் அடிக்கும். அழுகியதை எல்லாம் வெட்டி எறிந்து, மேலே சொன்ன மண் கலவையில் புதிதாக நடுங்கள். வேர் முழுவதும் போயிருந்தால் மேலே உள்ள நல்ல கொடியைத் துண்டுகளாக வெட்டித் தண்ணீரில் வைத்துச் செடியைக் காப்பாற்றிவிடலாம்.

ஓரம் மட்டும் பழுப்பு என்றால் உப்பு, அதை முந்தைய பதிலில் சொன்னேன். இலையின் நடுவில் வெளுத்த திட்டு என்றால் வெயில். இலை முழுக்க வெளிர்ந்து சோகையாக இருந்தால் உரம் போட்டு நெடுநாள் ஆகியிருக்கும்.

வாங்கும்போது மஞ்சள் கோடு நல்லா இருந்துச்சு. இப்ப வர்ற இலை எல்லாம் பச்சையாவே வருது.

வெளிச்சம் போதவில்லை. இலையில் மஞ்சளாகத் தெரியும் பகுதியில் பச்சையம் மிகக் குறைவு, அந்தப் பகுதி உணவு தயாரிப்பதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இருட்டான மூலையில் செடி பிழைப்பதற்காகப் பச்சையைக் கூட்டுகிறது. ஜன்னல் பக்கம் நகர்த்தினால் புது இலைகளில் கோடு திரும்பலாம். ஏற்கனவே பச்சையாக வந்துவிட்ட இலை மாறாது. நகர்த்தியும் பச்சையாகவே வந்தால், கோடு நன்றாக உள்ள கடைசி இலைக்குச் சற்று மேலே கொடியை வெட்டிவிடுங்கள். அந்தக் கணுவிலிருந்து வரும் துளிரில் பெரும்பாலும் கோடு இருக்கும்.

மார்பிள் குயின் என்று விற்கும் வெள்ளை வரி ரகத்துக்கு இன்னும் அதிக வெளிச்சம் வேண்டும், வளர்ச்சியும் மெதுவாகத்தான் இருக்கும். நியான் ரகம் முழுக்க இளம்பச்சை, அதில் கோடு இல்லையே என்று தேட வேண்டாம்.

எங்க ஊர்ல தென்னை மரத்துல ஏறி இலை இவ்ளோ பெருசா இருக்கு. அது வேற ரகமா?

அதே செடிதான். மேலே ஏறும்போது இலை பெருத்துக்கொண்டே போகும், தொங்கும்போது சிறுத்துவிடும். இதன் இயல்பே அப்படி. மரத்தைப் பற்றி ஏறிய கொடியில் இலை முறம் அகலத்துக்கு வந்து, ஓரத்தில் கிழிந்த மாதிரி பிளவும் விழும். அது நோய் இல்லை, முதிர்ந்த இலையின் வடிவம்.

வீட்டில் பெரிய இலை வேண்டுமென்றால் தென்னை நார் சுற்றிய குச்சியைத் தொட்டியின் நடுவில் ஊன்றி, கணுக்கள் நாரில் படும்படி தளர்வாகக் கட்டுங்கள். நாரைத் தினமும் நனைக்க வேண்டும். காய்ந்த நாரில் வேர் பிடிக்காது, குச்சி வெறும் அலங்காரமாக நிற்கும். சுவரில் ஏற்றாதீர்கள். வேர் பெயின்ட்டைப் பற்றிக்கொள்ளும், பிரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும்.

தென்னைக்கு இது ஒட்டுண்ணி இல்லை, மரத்தின் சாற்றை உறிஞ்சாது. ஆனால் மரமேறுபவருக்குப் பிடிமானம் தெரியாமல் போகும். காய் பறிக்கும் மரத்தில் ஏறவிடாமல் இருப்பதே நல்லது.

டீத்தூள், அரிசி கழுவுன தண்ணி எல்லாம் போட்டா நல்லா வருமா?

அரிசி கழுவிய தண்ணீரை அன்றே, மண்ணுக்கு மட்டும், வாரம் ஒருமுறை ஊற்றலாம். புளித்ததை ஊற்றினால் வாடையும் ஈயும் வரும். பாட்டிலில் ஊற்றவே கூடாது, அழுகிவிடும். பால், சர்க்கரை சேர்ந்த டீத்தூள் எறும்பைக் கூப்பிடும். கழுவிக் காயவைத்து மக்கும் குப்பையில் போட்டு, உரமான பிறகு பயன்படுத்துங்கள். இவை எல்லாம் சின்ன உதவிதான். மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், அல்லது 19:19:19 லிட்டருக்கு ஒரு கிராம், இதுவே தொட்டிச் செடிக்குப் போதும்.

வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு, கை வச்சா பிசுபிசுங்குது.

மாவுப்பூச்சி. இலைக்காம்பு இடுக்கில்தான் முதலில் ஒளியும். கொஞ்சமாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, குழாய்த் தண்ணீரில் வேகமாகக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு காதி சோப்புக் கரைசல் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை என மூன்று நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புச் சாறுக்காக எறும்பு அதைப் பாதுகாக்கும்.

வீட்ல ஒன்றரை வயசுக் குழந்தை இருக்கு. விஷச் செடின்னு சொல்றாங்களே?

கவனம் தேவை. இதன் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்குமே, அதற்கும் இதே படிகங்கள்தான் காரணம். மணிபிளான்ட் இலையைக் கடித்தால் வாய் எரியும், எச்சில் வடியும், உதடும் நாக்கும் வீங்கலாம். உயிரைப் பறிப்பது அபூர்வம் என்றாலும் குழந்தைக்கு அது பெரிய வேதனை.

கடித்துவிட்டால் வாயில் இருப்பதை எடுத்து, தண்ணீரால் துடைத்து, கொஞ்சம் குளிர்ந்த நீரோ பாலோ கொடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாய், பூனைக்கும் இதே பாதிப்பு உண்டு. குழந்தை நடக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள், கொடி கீழே நீண்டால் வெட்டிவிடுங்கள். வெட்டும்போது சாறு பட்டுச் சிலருக்குத் தோல் அரிக்கும், கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

நாசாவே சொல்லியிருக்காம், இது காத்தைச் சுத்தம் பண்ணும்னு. பெட்ரூம்ல பத்து தொட்டி வைக்கவா?

நாசா 1989-இல் வெளியிட்ட ஆய்வில் மணிபிளான்ட்டும் இருந்தது உண்மை. ஆனால் அது காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள் செய்த சோதனை. நம் வீட்டில் கதவு, ஜன்னல், இடுக்கு என்று காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. இத்தகைய ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2019-இல் வந்த ஒரு கட்டுரை, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவைப்படும் என்று கணக்கிட்டது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், காற்றுக்கு அது போதும். செடியைக் கண்ணுக்கு இதமாக இருப்பதற்காக வையுங்கள்.

இரவில் செடி கரியமில வாயு விடுகிறதே என்ற பயமும் வேண்டாம். ஒரு தொட்டி விடும் அளவு, பக்கத்தில் தூங்கும் மனிதர் விடுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

திருடி வச்சாத்தான் வளருமாமே? தென்கிழக்குல வைக்கணுமா?

கேட்டு வாங்கிய கொடியும் நன்றாக வளர்கிறது, நான் கொடுத்ததெல்லாம் அப்படித்தான். ராத்திரியில் அவசரமாகக் கிள்ளும்போது கணு இல்லாமல் இலை மட்டும் வந்து, செடியும் பாழாகி, எடுத்ததும் வளராமல் போகிறது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், சந்தோஷமாகவே கொடுப்பார்கள்.

தென்கிழக்கு என்பது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. அந்த மூலையில் ஜன்னல் இருந்தால் நல்லதாகப் போயிற்று. இருட்டாக இருந்தால் இரண்டு தொட்டி வைத்துக்கொண்டு பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஜன்னலடிக்கும் அங்கேயும் மாற்றி மாற்றி வையுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போறோம், பத்து நாள் ஆகும். செத்துடுமா?

மார்கழி, தை மாதம் என்றால் ஒன்றும் ஆகாது. கிளம்பும் அன்று நன்றாகத் தண்ணீர் விட்டு, ஜன்னலிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போங்கள். மே மாதப் பயணம் என்றால் யாரையாவது ஒருமுறை ஊற்றச் சொல்லுங்கள். பாட்டில் செடிகளை மட்டும், கொசுவை நினைத்து, தண்ணீர் மாற்றக்கூடிய யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.

காலையில இலை நுனியில தண்ணி சொட்டி நிக்குது. நோயா?

இல்லை. மண்ணில் ஈரம் அதிகமாக இருக்கும் இரவுகளில் வேர் உறிஞ்சிய தண்ணீர் இலை நுனி வழியாகச் சொட்டாக வெளியேறும். தினமும் இப்படி இருந்தால் தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள்.

மீன் தொட்டியில வேர மட்டும் விடலாமா?

விடலாம், இரண்டுக்கும் நல்லது. மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டைச் செடி உரமாக எடுத்துக்கொள்ளும். இலை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், மூழ்கினால் அழுகும். தங்கமீன் வேரைக் கடித்துத் தின்னும், அதனால் வலைக்கூடையில் வைத்து ஓரமாக மாட்டுங்கள். மீன் தொட்டித் தண்ணீரில் மட்டும் உரம் கலக்கவே கூடாது.

இத்தனை வருஷம் வச்சிருக்கேன், ஒரு பூ கூட பூக்கலையே?

உங்கள் வளர்ப்பில் குறை இல்லை. இந்தச் செடி உலகத்தில் எங்குமே பூப்பது மிக மிக அரிது. பூக்கத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் மரபணு இதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016-இல் கண்டறிந்தார்கள். அந்த ஹார்மோனைத் தெளித்தபோது பூத்தது. பூ இல்லாததால் இது என்ன செடி என்பதிலேயே தாவரவியலாளர்களுக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. 1880-இல் பெயர் வைத்ததிலிருந்து பேரினம் மாற்றிப் பேரினம் போட்டு, 1960-களில் அபூர்வமாகப் பூத்த செடியைப் பார்த்த பிறகே எபிப்ரெம்னத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

வெட்டுன கொடியை எல்லாம் காலி மனையில போட்டுடலாமா? எப்படியும் வளந்துக்குமே.

வளர்ந்துகொள்ளும் என்பதுதான் பிரச்சினை. பூவும் விதையும் இல்லாமலே, ஒரு கணு மண்ணில் பட்டால் போதும். கண்டி நகரத்தின் நடுவில் இருக்கும் உடவத்தைகலை காட்டில் இது தரையை மூடிப் படர்ந்து, அந்த மண்ணுக்குரிய கன்றுகளை முளைக்கவிடாமல் செய்திருக்கிறது. நம் மழைக்காடுகளின் ஓரத்தில் வீடு, தோட்டம், விடுதி வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஏற்காடு, வால்பாறை, குற்றாலம் பக்கம் இருப்பவர்களுக்காகக் குறிப்பாகச் சொல்கிறேன்.

ஓடைக்கரையிலோ காலி மனையிலோ ஏரிக்கரையிலோ போடாதீர்கள். துண்டுகளை மொட்டைமாடி வெயிலில் பரப்பி, தண்டு முறுமுறுவென்று உடையும் வரை காயவிட்டு, அதன் பிறகு மக்கும் குப்பையில் சேருங்கள். நல்ல துண்டுகளாக இருந்தால் கேட்பவர்களுக்குக் கொடுங்கள், இந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.